டாக்டர் வயித்துல போட்ட பெருக்கல் குறி

“பேரு சொல்லாம என் தம்பிய இங்கேருந்து கூட்டிட்டுப் போக மாட்டேன்.”

“அம்மா, தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? இன்னும் தெரியல.”

“ரத்தம் எடுத்தீங்க, நெஞ்சுல வயர ஒட்டுனீங்க, வயித்துல ஜெல்லத் தடவி ஸ்கேன் பாத்தீங்க. இவ்ளோ பண்ணிட்டு ஒரு பேரு கூட கெடைக்கலயா?”

“ஹார்ட் அட்டாக் இல்ல. கல்லு இல்ல. கணையம் நல்லா இருக்கு...”

“இல்லாததெல்லாம் எதுக்கும்மா எனக்கு? இருக்கறதச் சொல்லு.”

இந்த சண்டை நடந்தது ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வார்டுல. பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் நான் எங்க வீட்டுக்காரருக்கு சட்டை மாட்டி விட்டுட்டு இருந்தேன். அந்தப் பக்கம் கத்துனது அவரோட அக்கா, எங்க ரெங்கம்மா அண்ணி. தம்பிக்கு வலின்னு கேட்டதும் வையம்பட்டியிலேருந்து கெடைச்ச பஸ்ஸ புடிச்சு வந்துட்டாங்க. பதில் சொன்னது டாக்டர் சம்ரீன். சின்னப் பொண்ணு, எங்க பெரியவளவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும்.

நான் ஆனந்தவள்ளி. ஸ்ரீரங்கத்துல மேலூர் ரோடு பக்கம் வாடகைக்கு இருக்கோம். இந்த குரூப்ல இதுவரைக்கும் கோலமும் வத்தக்குழம்பும்தான் போட்டிருக்கேன். இன்னைக்கு நீளமா எழுதறேன், கோச்சுக்காதீங்க. கடைசில உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.

எங்க வீட்டுக்காரர் அழகிரிக்கு அரியமங்கலத்துல சின்னதா ஒரு லேத் பட்டறை. அன்னைக்கு மத்தியானம் வேலை செஞ்சுட்டு இருக்கும்போதே தொப்புளுக்கு மேல ஒரு வலி. சோத்தத் தொடல. பிரியாணி இருந்தும் தொடலன்னு பட்டறையில கூட இருக்கற அமிர்தராஜ் பயந்து போய் ஆட்டோவுல தூக்கிப் போட்டு டவுனுக்குக் கொண்டு வந்துட்டார். நெஞ்சு வலியா இருக்குமோன்னுதான் எல்லாரும் பயந்தோம்.

டாக்டர் திரைய வெலக்கிட்டு உள்ள வந்தாங்க. பின்னாடியே அண்ணி.

“அண்ணே, நல்லா கேட்டுக்கங்க. உசுருக்கு ஆபத்தானது எதுவும் இப்போதைக்குத் தெரியல. ஆனா வலி ஏன் வந்துச்சுன்னு எனக்கு இன்னும் பிடிபடல. சில வியாதி ஆரம்பத்துல மூஞ்சியக் காட்டாது. கொஞ்சம் நேரம் போனாத்தான் தெரியும். இங்கயே படுத்து இருந்து பாக்கலாம். இல்ல, வீட்டுக்குப் போறதுன்னாலும் போகலாம்.”

“வீட்டுக்கே போறேன் டாக்டர். ஆர்டர் நிக்குது,” ன்னார் இவர்.

“அப்ப நாளைக்கு சாயந்தரம் வந்து காட்டிட்டுப் போங்க. ஆனா இந்த வலி இங்கேருந்து நகர்ந்து,” ன்னு சொல்லிட்டே பாக்கெட்லேருந்து பேனாவ எடுத்தாங்க, “இங்க வந்தா சாயந்தரம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. உடனே வாங்க. வாந்தி, காய்ச்சல் வந்தாலும் அப்படியே.”

தொப்புளுக்குக் கீழ, வலது பக்கம், இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி, நீலப் பேனாவுல ஒரு பெருக்கல் குறி போட்டாங்க.

இவர் குனிஞ்சு பாத்தாரு. “நாங்களும் டிரில் போடறதுக்கு முன்னாடி இப்படித்தான் டாக்டர் மார்க் பண்ணுவோம்.”

டாக்டர் சிரிச்சாங்க. அண்ணி சிரிக்கல. அந்தக் குறியவே பாத்துட்டு இருந்தாங்க.

வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டல, மாடியிலேருந்து ஹவுஸ் ஓனர் ஸௌரிராஜன் மாமா எறங்கி வந்துட்டார். பேங்க்ல பெரிய வேலையில இருந்து ரிட்டயர் ஆனவர். கையில துளசி தீர்த்தம்.

“என்ன சொன்னா டாக்டர்?”

“என்னன்னு இன்னும் தெரியலயாம் மாமா.”

“தெரியலைன்னு வாயத் தொறந்து சொன்னாளா?”

“ஆமா மாமா.”

“ஸேவிக்க வேண்டிய டாக்டர்னா அவ! நான் சர்வீஸ்ல இருந்த காலம் முழுக்க ஒருத்தன் கூட தெரியலைன்னு சொல்லிக் கேட்டதில்லை. எல்லாம் பகவத் சங்கல்பம்.” தீர்த்தத்தக் கொடுத்துட்டு என் பக்கம் குனிஞ்சு, “அது சரி, நிஜமா என்ன? எங்கிட்ட சொல்லலாம். வெளில போகாது,” ன்னார்.

இதுதான் பிரச்சனையே. உடம்பு முடியலன்னு ஒருத்தர் வீட்டுக்குப் பாக்க வர்றவங்க கையில ஹார்லிக்ஸோ ஆப்பிளோ கொண்டு வர்றாங்க, போகும்போது ஒரு பேர எடுத்துட்டுப் போகணும். “அவருக்கு கிட்னில கல்லாம்,” “சுகர் ஏறிடுச்சாம்,” இப்படி எதாவது. நாம பேரு கொடுக்கலன்னா வெறுங்கையோட அனுப்பின மாதிரி ஆயிடுது.

அன்னைக்கு பொழுதுக்குள்ள வந்தவங்க எல்லார்கிட்டயும் நான் “இன்னும் தெரியல” ன்னு உள்ளதச் சொன்னேன். ஒருத்தரும் நம்பல. பக்கத்து தெருவுலேருந்து வந்த ஒரு அம்மா என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க. பெரிய வியாதிய மறைக்கறேன்னு நெனச்சுட்டாங்க போல. “பொண்ணு கல்யாணத்த சீக்கிரம் முடிச்சுரும்மா” ன்னு சொல்லிட்டுப் போனாங்க. இவர் உள்ள உக்காந்து டிவி பாத்துட்டு இருக்கார்.

அண்ணி கதவச் சாத்திட்டாங்க.

“இங்க பாரு வள்ளி. இப்படியே விட்டா என் தம்பிய உசுரோட தூக்கிருவாங்க. நாமளே ஒரு பேரு வச்சிரணும்.”

“அண்ணி, டாக்டருக்கே தெரியாதத நாம எப்படி வைக்கறது?”

“ஏன், பொறக்கற புள்ளைக்கு டாக்டரா பேரு வைக்கிறா? கேஸுன்னு சொல்லுவமா?”

“கேஸுக்கா எமர்ஜென்சிக்குப் போனான்னு சிரிப்பாங்கக்கா,” ன்னார் இவர்.

“அப்ப ஹார்ட்டு?”

“ஐயோ, ஹார்ட்டுன்னா பட்டறைக்கு ஆர்டரே கொடுக்க மாட்டான். இவன் எப்ப சாய்வானோன்னு.”

“அப்ப நடுவுல ஒண்ணு. சிரிக்கவும் கூடாது, பயப்படவும் கூடாது.” அண்ணி யோசிச்சு யோசிச்சு, “அல்சர்,” ன்னாங்க. “மரியாதையான வியாதி. எங்க தலையாரிக்கு இருந்துச்சு.”

அல்சர் ஊரெல்லாம் பரவிடுச்சு. வந்தவங்க எல்லாம் நிம்மதியா போனாங்க. மோர் குடி, மணத்தக்காளி சாப்பிடு, காரம் ஆகாது. மாமா மாடியிலேருந்து தயிரே அனுப்பிட்டார். எங்க வீட்டுக்காரருக்கே சந்தோஷம் வந்து, “அல்சர்தான் எனக்கும் இருக்கும்னு நெனச்சேன்,” ன்னார். ஒரு மணி நேரம் முன்னாடி வச்ச பேர அவரே நம்பிட்டார்! நான் மட்டும்தான் அந்தப் பெருக்கல் குறிய நெனச்சுக்கிட்டு இருந்தேன். இந்த அல்சர் எங்கயாச்சும் நகர்ந்து போனா, அல்சருக்கு நகர்றது உண்டான்னு யார் கேக்கறது?

மறுநாள் காலையில இவருக்குக் குளிக்க வென்னி கலந்து வச்சுட்டு வந்து பாத்தா, அண்ணி தேங்காண்ணெ கிண்ணத்தோட தம்பி வயித்த தேச்சுக்கிட்டு இருக்காங்க.

“என்ன அண்ணி பண்றீங்க!”

“இந்தக் குறிய அழிக்கறேன். ராத்திரி பூரா தூக்கம் வரல எனக்கு. வாசல்ல கோலம் போட்டா மகாலச்சுமி வர்றா. வயித்துல பெருக்கல் போட்டா எது வரும்? வலி எங்க போறதுன்னு தெரியாம செவனேன்னு மேல நிக்குது. இந்தப் பொண்ணு எடம் காட்டி விட்டிருக்கா.”

“அது நமக்கு அடையாளம் அண்ணி. வலிக்கு இல்ல.”

“வலிக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்கு யார் சொன்னது?”

நான் எண்ணெக் கிண்ணத்தப் புடுங்கறதுக்குள்ள மறுபடி தேச்சுட்டாங்க.

அது பால்பாயிண்ட் பேனா. அழியவும் இல்ல. எண்ணெயில கரைஞ்சு பரவி, ரூபாய் காசு அளவு இருந்த குறி உள்ளங்கை அளவுக்கு நீலமாயிடுச்சு. அண்ணி அதப் பாத்துட்டு, “இப்ப வாசலே பெருசாயிருச்சே,” ன்னு தலையில கைய வச்சுட்டு உக்காந்துட்டாங்க.

அதுக்குப் பரிகாரம் பண்ணத்தான் சமயபுரம் கெளம்பினாங்க. உங்களுக்கெல்லாம் தெரியும். உடம்புல எந்த எடம் சரியில்லயோ அந்த எடத்த வெள்ளித் தகட்டுல அடிச்சு வச்சிருப்பாங்க. கண்ணு, கை, காலுன்னு. வேண்டிக்கிட்டு வாங்கி அம்மனுக்குப் போடுவோம். உருன்னு சொல்றது.

மத்தியானம் அண்ணி திரும்பி வரும்போது ஒரு துணிப்பை நெறைய கலகலன்னு சத்தம்.

“என்ன அண்ணி இது?”

“கடைக்காரன் எந்த உறுப்புன்னு கேட்டான். அல்சருன்னேன். அது உறுப்பு இல்ல, வியாதின்னுட்டான். சரி வயிறு குடுன்னேன். வாங்கிட்டு கோயிலுக்கு நடக்கும்போது ஒரு சந்தேகம். அந்தப் பொண்ணே தெரியாதுங்குறா. நாம வயித்தப் போட்டு, வியாதி வேற எடத்துல இருந்தா? ஆத்தா தப்பான எடத்தச் சரி பண்ணிட்டுப் போயிருவாளே. அதான் திரும்பப் போயி எல்லாத்துலயும் ஒவ்வொண்ணு வாங்கிட்டேன். பேரு கரெக்டா தெரிஞ்சதும் எதுவோ அதப் போட்டுக்கலாம்.”

பையக் கவுத்துனாங்க. கண்ணு, காது, கை, காலு, வயிறு, ஒரு முழு ஆளு. ஒரு தொட்டில் கூட இருந்துச்சு.

“தொட்டில் எதுக்குக்கா?” ன்னு கட்டில்லேருந்து கேட்டார் இவர்.

“எதுன்னே தெரியாதுன்னா எதையும் விடக் கூடாதுல்ல.”

இவர் சிரிக்க ஆரம்பிச்சார். பாதியிலயே நின்னுடுச்சு. வலது கை தானா போய் அந்த நீலத்து மேல அமுக்கிக்கிச்சு. முகம் வேர்த்துடுச்சு.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல.”

“என்னங்க, எங்க வலிக்குது?”

அண்ணிய ஒரு பார்வை பாத்துட்டு, “மேலதான்,” ன்னார். கை கீழ இருக்கு, வாய் மேலன்னு சொல்லுது. அக்காகிட்ட அவருக்கு அவ்ளோ பயம்.

நெத்தியத் தொட்டேன். சுட்டுச்சு. வாஷ்பேசினுக்கு எழுந்தவர் நிமிந்து நிக்க முடியாம கூன் போட்டு நடந்து போய் வாந்தி எடுத்தார். நகர்ந்தா, காய்ச்சல் வந்தா, வாந்தி வந்தா. டாக்டர் சொன்ன மூணும் வந்துடுச்சு.

“அண்ணி, கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்கு.”

“எதுக்கு? சாயந்தரம்தானே வரச் சொன்னா?”

“எடம் மாறிடுச்சு அண்ணி. மாறினா உடனே வரச் சொன்னாங்க.”

“மாறத்தான் செய்யும்! அவ போட்ட குறி அப்படி. மறுபடி அவகிட்ட கூட்டிட்டுப் போனா இன்னொரு எடத்துல போடுவா. அங்கயும் போகும். என் தம்பி உடம்பு என்ன நொண்டி கட்டமா, வலி தாண்டித் தாண்டி வெளையாடறதுக்கு?” வாசக் கதவ மறிச்சுட்டு நின்னுட்டாங்க. “அல்சருக்கு மோரக் குடு. படுத்தா சரியாயிரும்.”

நான் சொன்னேன், அழுதேன், கத்தினேன். அல்சர் நாம வச்ச பேரு அண்ணி, நாமதான் கதவச் சாத்திட்டு வச்சோம்னேன். “யார் வச்சா என்ன, இப்ப அதான அவன் பேரு,” ன்னுட்டாங்க. இவர் தரையில சுருண்டு படுத்துட்டார். இந்த ஆளு இங்கயே போயிடுவார், வாசல்ல அக்கா நின்னுட்டு இருக்க, பக்கத்துல வெள்ளித் தொட்டில் கெடக்கன்னு எனக்கு ஒரு நிமிஷம் கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு.

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. நான் பேசறது எதுவும் அண்ணி வாசல் வழியா உள்ள போகல. அவங்க வாசல் வழியாத்தான் நான் போகணும்.

“அண்ணி, நீங்க சொன்னதுதான் கரெக்டு,” ன்னேன். “அந்த டாக்டர்தான் வலிய அங்க வரவழைச்சுட்டாங்க.”

“நான் அப்பவே சொன்னேன்ல.”

“அப்ப சும்மா விடலாமா? வரவழைச்சவங்கதான் எடுக்கணும். வேற யாராலயும் முடியாது. வாங்க, போய் நாக்கப் புடுங்கற மாதிரி ரெண்டு கேள்வி கேளுங்க.”

அண்ணி சேலையத் தூக்கிச் சொருகுனாங்க பாருங்க! “மாமா! காரை எடுங்க!” ன்னு மாடியப் பாத்து ஒரு கூப்பாடு. தம்பிய பாதி தூக்கி, பாதி இழுத்து அவங்களே கொண்டு போய் கார்ல போட்டுட்டாங்க. உருப் பைய மட்டும் விடல. மடியில வச்சுக்கிட்டாங்க.

மாமாவோட கார், அவர மாதிரியே. யாருக்கும் ஒரு தொந்தரவு வரக் கூடாதுன்னு போகும். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நின்னு, பெருமாளச் சொல்லி, மெதுவா ஏத்தி எறக்குவார். அப்படி எறக்கியும் ஒவ்வொண்ணுக்கும் இவர் “அம்மா” ன்னு ஒரு கத்து. கூடவே அண்ணி மடியில கையும் காலும் கலகலங்கும். காவேரி பாலத்துல ட்ராபிக் வேற.

“நான் மெதுவாத்தானே ஏத்தறேன்? எதுக்கு இப்படிக் கத்தறார்?” ன்னு மாமாவுக்கு வருத்தம்.

எமர்ஜென்சில டாக்டர் சம்ரீன் அப்பத்தான் டூட்டிக்கு வந்திருந்தாங்க. ஸ்ட்ரெச்சர்ல படுக்க வைக்கறதுக்குள்ள அண்ணி போய் எதுக்க நின்னுட்டாங்க.

“ஏம்மா, நீதானே கோடு போட்டு வரவழைச்சே? வந்துருச்சு. நீயே எடு!”

நான் கண்ண மூடிக்கிட்டேன். அந்தப் பொண்ணு என்ன நெனச்சுதோ, சட்டைய வெலக்கி உள்ளங்கை அளவு நீலத்தப் பாத்துட்டு, மெல்ல அமுக்கிட்டு சட்டுனு கைய எடுத்தாங்க. இவர் துள்ளிட்டார்.

“அண்ணே, வர்ற வழியில கார் குலுங்கும்போது வலிச்சுதா?”

“ஒவ்வொரு வேகத்தடைக்கும் கத்தினார்மா,” ன்னு பின்னாடியிருந்து மாமா. “ஆனா நான் மெதுவாத்தான்...”

“ரொம்ப தேங்க்ஸ் சார், அதுதான் எனக்கு வேணும். குலுங்கும்போது இப்படி வலிச்சா அதுவே ஒரு அடையாளம்.” அப்பறம் அண்ணி பக்கம் திரும்பி, “அம்மா, நேத்து பேரு கேட்டீங்கல்ல. இப்ப சொல்றேன். இது அப்பெண்டிக்ஸாத்தான் இருக்கணும். குடல்வால். ஸ்கேன்ல ஒரு தடவை உறுதி பண்ணிட்டு எடுத்துடலாம். கரெக்டான நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க.”

அண்ணிக்கு சண்டை போட வந்ததே மறந்து போச்சு. “குடல்வாலு,” ன்னு ஒரு தடவ மெதுவா சொல்லிப் பாத்தாங்க. அப்பறம் பெஞ்சுல உக்காந்து துணிப்பையத் தொறந்து ஒவ்வொண்ணா எடுத்துத் தேடுனாங்க. கண்ணு, காது, கை, காலு, தொட்டில். எல்லாத்தையும் எடுத்துப் பாத்துட்டு, “அது ஒண்ணுதான் இல்ல வள்ளி,” ன்னு சொல்லி குலுங்கிக் குலுங்கி அழுதாங்க. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு, அவங்க என்னவிட பயந்து போயிருந்தாங்கன்னு. ஒரு பேரு கெடைச்சா அதப் புடிச்சு நிக்கலாம்னுதான் பாவம் அலைஞ்சிருக்காங்க.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நல்லா வீங்கியிருந்துச்சாம், ஆனா வெடிக்கல. மோரக் குடுத்து படுக்கப் போட்டிருந்தா வெடிச்சிருக்கும்னு சர்ஜன் சொன்னார். வெளியில வந்து அண்ணி முதல் வேலையா ஊருக்கு போன் பண்ணி, “அல்சர் இல்ல, அழிச்சிருங்க. குடல்வாலு,” ன்னு எல்லாருக்கும் திருத்தம் சொன்னாங்க.

குடல்வால் உரு எந்தக் கடையிலயும் இல்ல. டாக்டர்கிட்ட படம் வரைஞ்சு வாங்கிட்டுப் போய் அண்ணி நம்ம பட்டறையிலயே கொடுத்துட்டாங்க. அமிர்தராஜ் வேளாங்கண்ணிக்கு நடந்து போறவர். ஆனா சமயபுரத்து வேலைன்னு செருப்பக் கழட்டி வச்சுட்டு லேத்துல பித்தளையில கடைஞ்சு கொடுத்தார். எங்க வீட்டுக்காரர் பெட்ல இருந்துக்கிட்டே வீடியோ கால்ல, “நுனிய இன்னும் கொஞ்சம் வளைடா, என்னுது வீங்கியிருந்துச்சு,” ன்னு சொல்லிட்டு இருந்தார். உண்டியல்ல போடும்போது பின்னாடி நின்ன பொம்பள அந்த வளைஞ்ச உருவப் பாத்துட்டு, “மொளகா வெள்ளாமையா?” ன்னு கேட்டாங்களாம்.

இதோட முடிஞ்சிருந்தா நான் எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் டாக்டர் சம்ரீன்கிட்டேருந்து எனக்கு போன். “அக்கா, உங்க அண்ணி ஊர்ல என்ன சொல்லி வச்சிருக்காங்க?” விஷயம் என்னன்னா, வையம்பட்டிலேருந்து ஆளுங்க எமர்ஜென்சிக்கு வந்து குறி போடச் சொல்றாங்களாம். ஒரு பெரியவர் இடுப்பு வலிய முழங்காலுக்கு மாத்தி விடுங்க, அது ஏற்கனவே கெட்டுப் போனதுதானேன்னு கேட்டாராம். வெள்ளையம்மான்னு ஒரு அம்மா தலைவலியக் கொண்டு வந்து, இத என் நாத்தனாருக்கு மாத்த முடியுமான்னாங்களாம்.

நான் சிரிச்சேன். அந்தப் பொண்ணு சிரிக்கல.

“அக்கா, இதவிட பெரிய கஷ்டம் என்னன்னா, தினமும் நாலஞ்சு பேர ‘என்னன்னு இன்னும் தெரியல’ ன்னு சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பறேன். அதுதான் உண்மை. அதக் கேட்டு பாதிப் பேரு எனக்கு வேலை தெரியலங்கறாங்க. மீதிப் பேரு ஒண்ணுமே இல்லன்னு நெனச்சுட்டுப் போயிடறாங்க. திரும்ப வர வேண்டியவங்க வர்றதில்ல. குறி போட்டேன், அண்ணன் வந்தார். இப்ப குறியும் போட முடியல. நான் எப்படி சொன்னா புரியும், நீங்களே சொல்லுங்க.”

எனக்கு பதில் சொல்லத் தெரியல. தெரியலன்னே சொன்னேன். “பாத்தீங்களா, உங்களுக்கே கஷ்டமா இருக்கு,” ன்னாங்க.

அதான் உங்ககிட்ட கேக்கறேன். எமர்ஜென்சிலேருந்து பேரு இல்லாம வீட்டுக்குப் போங்கன்னு உங்களையோ உங்க வீட்டுல ஒருத்தரையோ அனுப்பினா, டாக்டர் எந்த மாதிரி சொல்லியிருந்தா உங்க மனசுல நின்னிருக்கும்? எப்படிச் சொல்லியிருந்தா வலி கூடினதும் யோசிக்காம திரும்ப ஓடியிருப்பீங்க? வியாதிக்கு என்ன பேரு வைக்கலாம்னு எழுதாதீங்க, எங்க அண்ணியும் இந்த குரூப்ல இருக்காங்க. டாக்டர் சொல்ல வேண்டிய வார்த்தைய மட்டும் கீழ கமெண்ட்ல எழுதுங்க. ஒண்ணு விடாம அந்தப் பொண்ணுகிட்ட படிச்சுக் காட்டறேன்.